பூஜ்யத்தையும் ஒன்றையும் நம்பியவர்

டிஒய் பை டிஎக்ஸ் எழுதாமல் நம் கல்லூரியின் முதல் வருஷத்தை யாரும் தாண்டியதில்லை. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாருக்கும் அது பொதுச் சொத்து. சில பேருக்குப் பொதுத் தொல்லை. அந்தக் குறியையும், நீட்டி இழுத்த எஸ் மாதிரி இருக்கும் தொகையீட்டுக் குறியையும் நமக்குத் தந்தவர் காட்ஃபிரீட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ். கணக்குப் புத்தகத்தில் நியூட்டன் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் வரும். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும்.

இந்த மலருக்கு அவரைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் நுண்கணிதம் அல்ல. நான் பன்னிரண்டு வருஷமாகப் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். அந்தத் தொழிலில் முதலில் புரிய வேண்டியது, எண் வேறு, எண்ணை எழுதும் விதம் வேறு என்பதுதான். எழுத்தானாலும் சரி, சம்பளமானாலும் சரி, கம்ப்யூட்டருக்குள் போகும்போது ஒரு உடுப்பைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொள்கிறது. இதை முந்நூறு வருஷத்துக்கு முன்பே, மின்சாரம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், விடாப்பிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் லைப்னிட்ஸ். அவர் வாழ்க்கையை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவின் அலமாரி

1646 ஜூலை 1ஆம் தேதி ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் பிறந்தார். முப்பதாண்டுப் போர் ஓய இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அப்பா அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியர். பையனுக்கு ஆறு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். விட்டுப்போன சொத்தில் பையனுக்குப் பிடித்தது புத்தக அலமாரிதான். லத்தீன் மொழியைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டு அதையெல்லாம் படித்துத் தீர்த்தான். பதினான்கு வயதில், 1661இல், பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான்.

இனி மரியாதையாக ‘அவர்’ என்றே எழுதுகிறேன். 1666இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் கேட்டபோது லைப்சிக் தர மறுத்துவிட்டது. வயது போதாது, சீனியர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதுதான் காரணம் என்பார்கள். மனிதர் சண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆல்ட்டோர்ஃப் என்ற சிறிய பல்கலைக்கழகத்துக்குப் போய் 1667இல் பட்டத்தை வாங்கிக்கொண்டார். அங்கேயே பேராசிரியர் வேலை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த 1666இல்தான் சேர்க்கைக் கலை பற்றிய சின்னப் புத்தகத்தையும் வெளியிட்டார். இருபது வயது இளைஞனுக்கே உரிய பேராசை அதில் இருந்தது. சில எழுத்துகளைச் சேர்த்து எத்தனையோ சொற்கள் உண்டாக்குகிறோம் இல்லையா? அதேபோல சில அடிப்படைக் கருத்துகளைச் சேர்த்தால் மனிதனின் எல்லா எண்ணங்களும் கிடைத்துவிடும்; அந்த அடிப்படைகளைக் கண்டுபிடித்துக் குறிகள் கொடுத்துவிட்டால் சிந்திப்பதையே கணக்காகப் போடலாம் என்பது அவர் கனவு. சாகும்வரை அந்தக் கனவு அவரை விடவில்லை.

பெருக்கும் பெட்டி

1672இல் மைன்ஸ் ஆட்சியாளரின் வேலையாகப் பாரிஸ் போனார். போன காரியம் கைகூடவில்லை, ஆனால் அங்கே ஹைகன்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியின் பழக்கம் கிடைத்தது. சட்டம் படித்த ஆள் நாலே வருஷத்தில் ஐரோப்பாவின் முதல் வரிசைக் கணித மேதை ஆனார். நுண்கணிதத்தை உருவாக்கியதும் அங்கேதான்.

இன்னொரு பக்கம் ஒரு கணக்கு இயந்திரமும் செய்துகொண்டிருந்தார். பாஸ்கல் செய்த இயந்திரம் கூட்டும், கழிக்கும். லைப்னிட்ஸ் பெருக்கவும் வகுக்கவும் வேண்டும் என்றார். அதற்காக அவர் வடித்தது படிப்படியாக நீளம் கூடும் ஒன்பது பற்கள் கொண்ட உருளை. எந்த இலக்கம் வேண்டுமோ அத்தனை பற்கள் மட்டும் பக்கத்துச் சக்கரத்தில் மாட்டும். மெக்கானிக்கல் நண்பர்கள் இதைக் கேட்டதும் தலையாட்டுவார்கள். 1673இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அரைகுறை மாதிரியைக் காட்டினார். அதே வருஷம் உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு இலக்கத்திலிருந்து அடுத்த இலக்கத்துக்கு மிச்சம் போகும் இடத்தில் இயந்திரம் முரண்டு பிடித்தது. காலமெல்லாம் காசைக் கொட்டியும் அது முழுசாகச் சரிவரவில்லை. அந்த உருளை மட்டும் வீண்போகவில்லை. 1820இல் தோமா என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கிய கணக்கு இயந்திரத்திலும் அதே உருளைதான் இருந்தது.

1679 என்ற வருஷம்

1676இல் ஹானோவர் அரண்மனையில் வேலைக்கு வந்தார். நூலகர், சட்ட ஆலோசகர் என்று பல வேலை. 1679இல் அவர் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும்.

ஒன்று, ஹார்ட்ஸ் மலையில் இருந்த வெள்ளிச் சுரங்கங்களில் தேங்கும் தண்ணீரைக் காற்றாலை வைத்து இறைக்கும் திட்டம். காற்றும் ஒத்துழைக்கவில்லை, சுரங்க அதிகாரிகளும் ஒத்துழைக்கவில்லை. 1685இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இரண்டு, சொற்களை எண்களாக மாற்றும் முயற்சி. அடிப்படைக் கருத்துகளுக்குப் பகா எண்களைக் கொடுத்துப் பார்த்தார். விலங்குக்கு 2, பகுத்தறிவுக்கு 3 என்று வைத்தால், பகுத்தறிவுள்ள விலங்கான மனிதனுக்கு 6. மனிதன் விலங்கா என்று யாராவது கேட்டால் வாதம் வேண்டாம், 6 இரண்டால் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும். இல்லை, அல்ல என்று வரும் வாக்கியங்களில் இந்த முறை இடித்தது. வேறு வேறு வழிகளில் முட்டிப் பார்த்துவிட்டு அரைகுறையாக விட்டுவிட்டார். ஆனாலும் எழுத்தை எண்ணாக்கி, எண்ணைக் கணக்காக்கி, விடையைத் திரும்ப எழுத்தாக்குவது என்ற பாதை அங்கே தெரிகிறது. நம் செல்போன் இன்று அந்தப் பாதையில்தான் ஓடுகிறது.

மூன்று, மார்ச் 15ஆம் தேதி லத்தீனில் எழுதிய ஒரு குறிப்பு. அதில் பத்து இலக்கங்களை ஒதுக்கிவிட்டு, பூஜ்யம், ஒன்று இரண்டை மட்டும் வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் போட்டுக் காட்டினார். அதோடு நிற்காமல் அந்தக் கணக்கைச் செய்ய ஒரு பெட்டியையும் வர்ணித்தார். வரிசையாகத் துளைகள், திறந்த துளை ஒன்று, மூடிய துளை பூஜ்யம். திறந்த துளை வழியாகக் கோலிக்குண்டு விழுந்து கீழே உள்ள வாய்க்காலில் உருளும். கட்டவில்லை, காகிதத்தோடு சரி. கோலிக்குண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானைப் போட்டுப் படியுங்கள், நம் டிஜிட்டல் சர்க்யூட் பாடத்தின் முதல் அத்தியாயம் மாதிரியே இருக்கும். பதினாறு இலக்க முறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பத்து முதல் பதினைந்து வரை தனி இலக்கம் வேண்டுமே, அதற்கு எழுத்துகளைப் போட்டார். இன்று நாமும் அதையேதான் செய்கிறோம்.

உடுப்பு மாற்றும் வித்தை

கலைப்பிரிவு நண்பர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் விஷயத்தைக் கொஞ்சம் அவிழ்த்துச் சொல்கிறேன். பள்ளிப் புத்தகம் இதை அடிமானம் என்கிறது, நாங்கள் பேஸ் என்போம்.

பதின்மூன்று மாம்பழம் இருக்கிறது. பத்து அடிமானத்தில் எழுதினால் 13: ஒரு பத்து, மூன்று ஒன்று. இரண்டு அடிமானத்தில் எழுதினால் 1101: ஒரு எட்டு, ஒரு நாலு, இரண்டு இல்லை, ஒரு ஒன்று. மாம்பழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுதிய விதம்தான் வேறு.

மாற்றுவது சுலபம். 13ஐ இரண்டால் வகுத்தால் ஈவு 6, மீதி 1. 6ஐ வகுத்தால் 3, மீதி 0. 3ஐ வகுத்தால் 1, மீதி 1. 1ஐ வகுத்தால் 0, மீதி 1. மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 1101. திரும்பி வர, இடமிருந்து ஒவ்வொரு இலக்கமாக எடுத்து, கையில் இருப்பதை இரட்டித்துப் புதிய இலக்கத்தைக் கூட்ட வேண்டும்: 1, 3, 6, 13. இரட்டிப்பதற்குப் பதில் எட்டால் பெருக்கினால் எட்டு அடிமானம், பதினாறால் பெருக்கினால் பதினாறு அடிமானம். அவ்வளவுதான் சூத்திரம்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. கீபோர்டில் 13 என்று தட்டினால் கம்ப்யூட்டருக்குள் போவது என்ன? முக்கால்வாசிப் பேர் பதின்மூன்று என்பார்கள். கிடையாது. போவது இரண்டு எழுத்து. ஒன்று என்ற எழுத்தின் குறியீட்டு எண் 49, மூன்று என்ற எழுத்தின் குறியீட்டு எண் 51. ஒவ்வொன்றிலும் 48ஐக் கழித்து, மேலே சொன்ன மாதிரி பத்தால் பெருக்கிக் கூட்டினால்தான் பதின்மூன்று என்ற எண்ணே உருவாகும். எந்த அடிமானம் என்று எழுத்து தானாகச் சொல்லாது, படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. நான் முதலில் சேர்ந்த இடத்தில், பெயர் வேண்டாம், ஊழியர்களுக்கு 001, 002 என்று மூன்று இலக்க நம்பர். ஓவர்டைம் கணக்குக்கு எனக்கு முன்னால் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. நம்பரைப் படிக்கும் இடத்தில் அடிமானம் இன்னது என்று அவர் சொல்லவில்லை; நீயே பார்த்துக்கொள் என்று கம்ப்யூட்டரிடம் விட்டிருந்தார். சி மொழியின் மரபுப்படி பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டு அடிமானம். எனவே 010 எட்டு ஆகிவிட்டது. பத்தாம் நம்பர்க்காரர் ஆரம்ப காலத்திலிருந்து இருக்கும் வாட்ச்மேன். அவர் ராத்திரி ராத்திரியாக விழித்திருந்த ஓவர்டைம் எட்டாம் நம்பர்க்காரர் கணக்கில் ஏறியது. எட்டாம் நம்பர்க்காரரின் 008 எட்டு அடிமானத்தில் செல்லவே செல்லாது, அது பூஜ்யமாகிக் காணாமல் போனது. இதில் விசேஷம் என்னவென்றால் 001 முதல் 007 வரை எல்லாம் சரி. 100க்கு மேலும் எல்லாம் சரி. முதல் ஐந்து பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வாட்ச்மேன் ஒரு சின்ன டைரியில் தேதி தேதியாக எழுதி வைத்திருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. புரோகிராமில் திருத்த வேண்டியிருந்தது ஒரே இடம். பூஜ்யம் என்று இருந்ததைப் பத்து என்று மாற்றினோம். பெரியவருக்கு மூன்று மாதப் பாக்கி வந்து சேர்ந்தது.

பீக்கிங்கிலிருந்து ஒரு கடிதம்

லைப்னிட்ஸுக்கு வருவோம். 1679இல் எழுதிய குறிப்பு அலமாரியில் கிடந்தது. 1697 ஜனவரியில் பிரன்ஸ்விக் பிரபு ருடால்ஃப் அகஸ்டுக்குப் புத்தாண்டு வாழ்த்தாக இரும எண்களை விளக்கி எழுதி, ஒரு பதக்கத்துக்கு வரைபடமும் போட்டு அனுப்பினார். ஒன்று கடவுள், பூஜ்யம் சூனியம். இரண்டிலிருந்தும் எல்லா எண்களும் வருகிற மாதிரி உலகமே வந்தது என்பது அதன் தத்துவம்.

பிறகு 1701இல், சீனப் பேரரசரின் தலைநகரான பீக்கிங்கில் இருந்த பூவே என்ற ஏசுசபைப் பாதிரியாருக்கும் இதை எழுதினார். பாதிரியார் பதிலோடு ஒரு படத்தை அனுப்பினார். ஈ சிங் என்ற பழைய சீன நூலின் அறுபத்து நான்கு உருவங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கோடுகள். கோடு முழுசாக இருக்கும் அல்லது நடுவில் உடைந்திருக்கும். கடிதம் ஐரோப்பா வந்துசேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. லைப்னிட்ஸ் கைக்குக் கிடைத்தது 1703 ஏப்ரலில். உடைந்த கோட்டைப் பூஜ்யமாகவும் முழுக்கோட்டை ஒன்றாகவும் வைத்துப் பார்த்தால், அந்தப் படத்தில் 0 முதல் 63 வரை வரிசை பிசகாமல் வருகிறது! மனிதர் துள்ளிக் குதித்துவிட்டார். உடனே பாரிஸ் அகாதமிக்குக் கட்டுரை அனுப்பினார். அகாதமியின் 1703ஆம் வருஷத் தொகுதியில், 1705இல் அது அச்சானது. 0 முதல் 32 வரை இரும அட்டவணை, நாலு வகைக் கணக்குக்கும் எடுத்துக்காட்டு, கடைசியில் சீன உருவங்கள். தினசரிக் கடைக் கணக்குக்கு இது வேண்டாம், எண் நீளமாகிவிடும். ஆனால் எண்களின் உள்ளொழுங்கைப் பார்க்க இதைவிட நல்ல கண்ணாடி இல்லை என்பதே அவர் சொன்னதன் சாரம்.

சீன முன்னோர்களுக்கு இரும எண்கணிதம் தெரிந்திருந்து பிறகு மறந்துபோனது என்று அவர் நம்பினார். இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. அந்த வரிசையே பதினோராம் நூற்றாண்டின் ஷாவ் யூங் காலத்தது என்கிறார்கள். இரண்டு குறி இருப்பதாலேயே அது எண் முறை ஆகிவிடாது. இட மதிப்பும் கூட்டல் கழித்தல் விதியும் வேண்டும். இது நமக்கும் நல்ல எச்சரிக்கை. தமிழ் யாப்பிலும் நேர், நிரை என்று இரண்டே அசை. ஓரசைச் சீர் இரண்டு, ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. அழகான அடுக்குதான். ஆனாலும் தேமாவையும் புளிமாவையும் யாரும் கூட்டிப் பெருக்கவில்லை. எல்லாம் நம்மாளுக்கு அப்பவே தெரியும் என்று மார்தட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். லைப்னிட்ஸுக்கும் முன்னோடிகள் உண்டு: இங்கிலாந்தின் ஹாரியட் (1621இல் இறந்தவர்) இரும எண்களைத் தன் தாள்களில் எழுதிப் பார்த்திருக்கிறார், ஆனால் அச்சிடவில்லை. பிரான்சிஸ் பேக்கன் 1623இல் வெளியிட்ட ரகசிய எழுத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டே குறிகளால் ஆன ஐந்து இடம். முழுக் கணக்காக்கி உலகத்துக்குச் சொன்னவர் லைப்னிட்ஸ்.

அந்த அறுபத்து நான்கு இன்று வேறு வேஷத்தில் நம்மிடம் இருக்கிறது. நம் ‘அ’ எழுத்தின் யூனிகோடு எண் 2949. யூடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 133 என்று மூன்று பைட்டுகள் ஆகிறது. பைட்டுக்கு எட்டு வீதம் இருபத்து நான்கு பூஜ்யமும் ஒன்றும்: 111000001010111010000101. ஈமெயிலில் இணைப்பு அனுப்பும்போது, வழியில் சேதமாகாமல் இருக்க, இதை ஆறு ஆறாக வெட்டுவார்கள். 111000, 001010, 111010, 000101, அதாவது 56, 10, 58, 5. ஒவ்வொன்றும் 0 முதல் 63க்குள்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. இதன் பெயரே பேஸ் சிக்ஸ்டிஃபோர். ஆறு கோடு, அறுபத்து நான்கு உருவம்! பூவே அனுப்பிய படத்தில் நாலு உருவத்தை எடுத்து வைத்தால் நம் அகரத்தை எழுதிவிடலாம்.

தனியாகப் போனார்

கடைசிக் காலம் சந்தோஷமாக இல்லை. 1700இல் பெர்லின் அறிவியல் கழகத்துக்கு முதல் தலைவரானார். ஆனால் நுண்கணிதத்தை யார் முதலில் கண்டது என்ற சண்டை முற்றியது. லைப்னிட்ஸ் 1684இல் அச்சிட்டார். நியூட்டன் அதற்கு முன்பே கண்டுபிடித்து அச்சிடாமல் வைத்திருந்தார். 1712இல் ராயல் சொசைட்டி ஒரு குழு போட்டு லைப்னிட்ஸுக்கு எதிராக அறிக்கை கொடுத்தது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன். அறிக்கையை எழுதியதில் பெரும்பங்கும் அவருடையது. இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள் என்பதே இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு.

1714இல் ஹானோவர் முதலாளி ஜார்ஜ் இங்கிலாந்தின் அரசரானார். லைப்னிட்ஸும் லண்டன் வர விரும்பினார். எங்கள் வம்ச வரலாற்றை முதலில் எழுதி முடி என்று உத்தரவு வந்தது. 1685இல் ஒப்படைத்த வேலை அது. ஆதாரம் தேடித்தேடி, அவர் இறக்கும்போது கி.பி. 1005 வரைதான் வந்திருந்தது. 1716 நவம்பர் 14இல் காலமானார். இறுதி ஊர்வலத்தில் அரண்மனை ஆட்கள் யாரும் இல்லை. அவருடைய செயலாளர் எக்ஹார்ட் இருந்தார். லண்டனும் பெர்லினும் அஞ்சலி செலுத்தவில்லை. பாரிஸ் அகாதமி மட்டும் 1717இல் இரங்கல் உரை வாசித்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் கல்லறையில் பெயர்கூட இல்லை.

அரசர் வாரிசுப் பிரச்சினைக்கும் ராஜ ரகசியத்துக்கும் பயந்து அவருடைய தாள்களைப் பூட்டி வைத்ததால்தான் அவை தப்பின. சுமார் இரண்டு லட்சம் பக்கம். கடிதங்களை மட்டும் 2007இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. முழுத் தொகுப்பின் முதல் தொகுதி 1923இல் வந்தது. நூறு வருஷம் கடந்தும் பதிப்பு முடியவில்லை.

இரும எண்ணுக்கு வேலை கிடைக்கவும் அதேபோல நாள் ஆயிற்று. ஷானன் 1937இல் தன் முதுகலை ஆய்வில் சுவிட்சுகளும் தர்க்கமும் ஒன்றே என்று காட்டினார். சூஸே 1941இல் இரும இயந்திரம் ஒன்றை ஓடவைத்தார். அதற்குப் பிறகு வந்த அமெரிக்காவின் எனியாக் கூடப் பத்து அடிமானத்தில்தான் கணக்குப் போட்டது. அதாவது பூஜ்யமும் ஒன்றும் போதும் என்பது அப்போதும் எல்லோருக்கும் சட்டென்று விளங்கவில்லை.

இயந்திரம் ஓடவில்லை, காற்றாலை சுற்றவில்லை, வரலாறு முடியவில்லை. ஆனாலும் இந்த மனிதர் தோற்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு யோசனையைப் பாதியில் விட்டாலும், அடுத்தவன் எடுத்துத் தொடர்கிற அளவுக்குத் தெளிவாகத் தேதி போட்டு எழுதி வைத்தார். அவர் காலத்து ஆட்கள் அதிகம் பேர் அப்படித் தொடரவில்லை, அது வேறு விஷயம்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அடிமானம் மாற்ற எல்லா மொழியிலும் ரெடிமேட் கட்டளை உண்டு, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு தடவையாவது பேப்பரும் பேனாவும் எடுத்து, உங்கள் பெயரின் முதல் எழுத்தை எண்ணாக்கி, இரண்டால் வகுத்து, மீதி எழுதி, திரும்ப எழுத்தாக்கிப் பாருங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. பிறகு எங்காவது 010 என்று ஒரு நம்பரைப் பார்த்தால் கை தானாக நிற்கும். அந்த நம்பருக்குப் பின்னால் ராத்திரி விழித்திருக்கும் ஒரு ஆள் இருக்கலாம்.